அசைபவரும் அசைப்பவரும்

1

போன மாதம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு மேல் நண்பர் ஒருவர் கூப்பிட்டார். தொழிற்சங்கச் செய்திமடல் ஒன்றுக்கு ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்துக் கொடுப்பவர். 'தோழர், மூவர்ஸ் அண்ட் ஷேக்கர்ஸ்னு ஒண்ணு வருது. தமிழ்ல என்ன போடலாம்?' நகரத்து நிலமெல்லாம் யார் யார் கைக்குப் போகிறது என்பதைப் பற்றிய கட்டுரை அது. கட்டட முதலாளிகள், வங்கி மேலாளர்கள், மந்திரிக்கு வேண்டியவர்கள் என்று ஒரு கூட்டத்தையே அந்த ஒரு தொடருக்குள் அடைத்திருந்தார்கள். 'பெரும்புள்ளிகள்னு போட்டுடுங்க' என்றேன். 'அவ்வளவுதானா?' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அந்த 'அவ்வளவுதானா' என்னைத் தூங்கவிடவில்லை. பொருளில் தப்பில்லை. ஆங்கில அகராதியைத் திறந்தால் அதிகாரமும் செல்வாக்கும் உள்ளவர்கள், காரியங்களை நடத்திவைப்பவர்கள் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் பெரும்புள்ளி, பெரிய தலை, பெரிய கை, மேலிடம் என்று நாம் வழங்குகிற சொற்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். எல்லாமே அளவையோ இடத்தையோ சொல்பவை. புள்ளி நகராது. தலை மேலே இருக்கும். ஆங்கிலத் தொடரோ அசைவைச் சொல்கிறது: அசைப்பவர்கள், குலுக்குபவர்கள். அதிகாரத்தை ஒரு செயலாக, ஒரு சுறுசுறுப்பாக அது காட்டுகிறது. 'அவரு பெரும்புள்ளிப்பா' என்று சொல்லும்போது நம் குரலில் கொஞ்சம் நக்கலும் கலந்துவிடும். அந்த ஆங்கிலத் தொடரில் பெரும்பாலும் மெச்சுதல்தான். உலகம் சும்மா கிடக்கிறது, இவர்கள் வந்து அதை அசைக்கிறார்கள் என்கிற ஒரு முழுக் கருத்தியல் அந்த மூன்று சொற்களுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இது எங்கிருந்து வந்தது என்று தேடப்போனால்தான் வேடிக்கை. இதைச் சொன்னவர் ஒரு கவிஞர். சொன்னதும் கவிஞர்களைப் பற்றித்தான்.

2

ஆர்தர் ஓஷானஸி (1844–1881) லண்டனில் பிறந்து லண்டனிலேயே செத்துப்போன, ஐரிஷ் வழிவந்த கவிஞர். இன்றைக்கு அவர் பெயர் ஆங்கில இலக்கிய மாணவர்களுக்கே சட்டென்று ஞாபகம் வராது. 1873 ஆகஸ்டில் 'அதீனியம்' என்கிற வாரப் பத்திரிகையில் 'ஓட்' என்ற வெறும் பெயரோடு (நம்மூரில் 'பாட்டு' என்றே தலைப்பு வைப்பது மாதிரி) ஒரு கவிதை வெளியிட்டார். அடுத்த வருஷம் அது 'மியூசிக் அண்ட் மூன்லைட்' தொகுப்பில் சேர்ந்தது. மொத்தம் ஒன்பது பத்தி. முதல் மூன்றை மட்டும் போட்டுவிட்டு மிச்சத்தை வெட்டிவிடுவது பிற்காலத்தில் வழக்கமாகிப்போனதால், கவிதையே மூன்று பத்திதான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. எட்வர்ட் எல்கர் 1912இல் முழுக் கவிதைக்கும் இசையமைத்தார். அதுவும் இந்த நினைப்பை மாற்றிவிடவில்லை.

முதல் பத்தியில் என்ன இருக்கிறது? கடற்கரையிலும் ஆளில்லாத ஓடைக்கரையிலும் தனியாகத் திரிகிற, நிலா வெளிச்சம் மட்டும் மேலே விழுகிற சில பேர். பாட்டுக் கட்டுகிறவர்கள், கனவு காண்கிறவர்கள். உலகத்தைத் தொலைத்தவர்கள், கைகழுவியவர்கள். அப்படிப்பட்டவர்களைத்தான் பத்தியின் முடிவில், என்றென்றைக்கும் உலகத்தை அசைப்பவர்கள், குலுக்குபவர்கள் என்கிறார் ஓஷானஸி. கூடவே ஒரு 'போலும்' போட்டு, தான் சொன்னதன்மேல் தானே ஒரு சந்தேகத்தையும் ஒட்டிவிடுகிறார். இரண்டாம் பத்தியில் அந்தச் சந்தேகம் காணாமல்போகிறது. பாட்டாலேயே பெருநகரங்களைக் கட்டுகிறார்கள், கதையிலிருந்து பேரரசின் கீர்த்தியை உண்டாக்குகிறார்கள். கனவுள்ள ஒருவன் கிரீடத்தை வெல்வான், புதுப் பாட்டு கொண்ட மூன்று பேர் ஒரு சாம்ராஜ்யத்தையே மிதித்துப் போடுவார்கள். மூன்றாம் பத்தியில் நினிவேயும் பாபேலும் எழும்பி, விழுகின்றன.

'ஷேக்கர்ஸ்' என்ற சொல் அங்கே எதற்காக வந்தது என்று கேட்டால், இயைபுக்காக. பாட்டுக் கட்டுகிறவர்கள் 'மேக்கர்ஸ்'. கரையில் உடைகிற அலைகள் 'பிரேக்கர்ஸ்'. உலகத்தைக் கைவிட்டவர்கள் 'ஃபர்சேக்கர்ஸ்'. கடைசியில் 'ஷேக்கர்ஸ்'. அடியின் கடைசி ஒலி ஒன்றையொன்று கூப்பிடுகிறது. இதை வெறும் ஓசை இன்பம் என்று தள்ளிவிடக் கூடாது. கவிதையின் வாதமே இந்த இயைபில்தான் இருக்கிறது. கைவிட்டவன்தான் குலுக்குகிறான். உலகத்தில் எந்தப் பங்கும் கேட்காதவன் எவனோ அவனுக்குத்தான் உலகத்தை அசைக்கிற பலம் என்பது அதன் கணக்கு.

மரபுத்தொடராக ஆனபோது நடந்தது, இந்தத் தொடையை அறுத்த வேலை. 'ஷேக்கர்ஸ்' மட்டும் தனியாக வெளியே வந்தது, 'ஃபர்சேக்கர்ஸ்' கடற்கரையிலேயே நின்றுவிட்டது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க அரசியல், வணிகச் செய்திமொழி இந்தத் தொடரைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு வணிகப் பத்திரிகைகளில் யாருக்குப் பதவி உயர்வு, யார் எந்தக் கம்பெனிக்குத் தாவினார் என்று பட்டியல் போடுகிற பத்திக்கு இதுதான் தலைப்பு. எதையும் கைவிடாதவர்களின் பட்டியல் அது.

3

'எங்க சொத்தைத் திருடிட்டாங்க' என்று இந்த இடத்தில் ஒரு கவிஞர் கூப்பாடு போடலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் எம்.ஏ. தமிழ் படித்த புத்தி குறுக்கே வந்தது.

இந்தத் தொடரைத் தமிழில் கொண்டுவர உட்கார்ந்தவுடன் ஒரு முட்டு வருகிறது. 'மூவர்' என்றால் அசைபவரா, அசைப்பவரா? ஆங்கில வினை இரண்டுக்கும் ஒன்றே. தானே அசைவதற்கும் அதுதான், இன்னொன்றை அசைப்பதற்கும் அதுதான். 'ஷேக்கர்' என்பதும் அப்படியே. 1774இல் ஆன் லீ என்கிற பெண்ணின் பின்னால் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குப் போன ஒரு சின்னக் கிறிஸ்தவக் குழுவுக்கு ஷேக்கர்ஸ் என்றே பெயர். வழிபாட்டில் அவர்கள் உடம்பு நடுங்கியது, குலுங்கியது, அதனால் அந்தப் பெயர். அவர்கள் யாரையும் குலுக்கவில்லை. குலுங்கினார்கள்.

தமிழ் இந்த மங்கலுக்கு இடம்கொடுக்காது. அசைந்தான், அசைத்தான். குலுங்கியது, குலுக்கியது. ஆடினான், ஆட்டினான். நடுங்கினான், நடுக்கினான். ஒரு மெய்யெழுத்து வலித்தால் போதும், தன்வினை பிறவினையாகிவிடும். வாக்கியத்தில் இன்னொரு ஆள் வந்து நிற்பான், அசைக்கப்படுகிற ஆள். எழுதுகிறவன் இதா அதா என்று முடிவுசெய்தே ஆக வேண்டும்.

ஓஷானஸியின் வாக்கியத்தில் உலகம் செயப்படுபொருளாக நிற்கிறது. இலக்கணப்படி பிறவினைதான், சந்தேகமில்லை. ஆனால் பத்தி முழுவதும் அந்த மனிதர்களைப் பார்த்தால் அவர்கள் தன்வினை ஆட்கள். அலைக்கும் நிலாவுக்கும் ஆட்பட்டு, தாங்களே அசைந்துகொண்டிருப்பவர்கள். இரண்டு வினையும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருப்பதுதான் அந்தப் பத்தியின் உயிர். வணிகப் பத்திரிகைக்காரன் எடுத்துக்கொண்டு போனது பிறவினையை மட்டும். அசைபவன் விடுபட்டான், அசைப்பவன் மிஞ்சினான்.

அப்படியானால் கவிஞனுக்கு இதில் பொறுப்பே இல்லையா? இருக்கிறது. வெட்டப்பட்ட பத்திகளில் நான்காவதை வாசித்தால் அது தெரியும். சிப்பாயும் ராஜாவும் குடியானவனும் சேர்ந்து உழைப்பதெல்லாம் எங்கள் கனவு நிஜமாவதற்காகத்தான் என்கிறது அந்தப் பத்தி. கவனியுங்கள் தோழர்களே, குடியானவன் தனக்காக உழைக்கவில்லை, கவிஞனின் கனவுக்காக உழைக்கிறான். சிலர் அசைப்பவர்கள், பலர் அசைக்கப்படுபவர்கள் என்கிற ஏற்பாடு கவிதைக்குள்ளேயே தயாராக இருந்தது. கவிஞனை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் கட்டட முதலாளி உட்கார்ந்துகொண்டான். நாற்காலியைச் செய்துவைத்தது நாம்தான். ஷெல்லி கவிஞர்களை யாரும் ஒப்புக்கொள்ளாத சட்டகர்த்தாக்கள் ஆக்கியதிலிருந்து (அந்தக் கட்டுரை எழுதப்பட்டது 1821, அச்சானது 1840) இது ஒரு நீண்ட பரம்பரை. ஹோமரில் பூமியைக் குலுக்குவது கடற்கடவுள் பொசைடனின் வேலை. அரிஸ்டாட்டிலில் எல்லாவற்றையும் அசைத்துவிட்டுத் தான் அசையாமலிருப்பது முதற்காரணம். கடவுளுக்கு இருந்த வேலையைக் கவிஞன் கேட்டான். கவிஞன் கேட்டதை முதலாளி வாங்கிக்கொண்டான்.

4

ஓஷானஸி யாரை அசைத்தார்? வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்தால் மனசு கனத்துப்போகிறது. 1861இல், பதினேழு வயதில், பிரிட்டிஷ் மியூசியம் நூலகத்தில் பிரதி எடுக்கிற எழுத்தர் வேலை. இரண்டு வருஷத்தில் விலங்கியல் பிரிவுக்கு மாற்றல். அது அவர் படித்த படிப்பு இல்லை. கண்ணாடி ஜாடிகளில் ஊறிக்கொண்டிருந்த பல்லிகளையும் ஓணான்களையும் பார்த்து விவரித்துப் பெயர் வைக்கிற உத்தியோகம். சாகும்வரை அதுதான் சோறு. மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றின் விலங்கியல் பெயரில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழந்தைகள் இரண்டும் கைக்குழந்தைகளாகவே போய்விட்டன. 1879இல் மனைவி எலியனார் இறந்தார். 1881இல் அவரும் போய்விட்டார். வயது 36.

அந்த மியூசியம் வேலை எப்படிக் கிடைத்தது? சிபாரிசு. நாவலாசிரியரும் அரசியல்வாதியும் 1858–59இல் பிரிட்டனின் காலனி மந்திரியாக இருந்தவருமான புல்வர் லிட்டனின் செல்வாக்கில் கிடைத்தது. அதாவது, இன்றைய பொருளில் மூவர் அண்ட் ஷேக்கர் ஒருவரின் தயவில் சாப்பிட்ட மனிதர்தான், பழைய பொருளில் அந்தத் தொடரை எழுதியவர். இதைச் சொல்லி அவரைக் கேலிசெய்ய எனக்கு யோக்கியதை கிடையாது. கௌரவ விரிவுரையாளர் வேலைக்காக ஒரு பெரும்புள்ளி வீட்டுத் தாழ்வாரத்தில் காலை ஆறரையிலிருந்து பதினொன்றுவரை நின்றவன் நான். என் கவிதைத் தொகுப்பு ஒன்றையும் கையில் கொண்டுபோயிருந்தேன். உள்ளே கூப்பிட்டபோது அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கை நடுங்கியது. தன்வினை.

லிட்டன் பெயர் வந்ததால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவருடைய மகன் ராபர்ட் லிட்டனும் கவிஞர், ஓவன் மெரிடித் என்கிற புனைபெயரில் எழுதியவர். இவரோ நிஜமாகவே உலகத்தை அசைக்கிற இடத்துக்கு வந்துவிட்டார்: 1876 முதல் 1880வரை இந்தியாவின் வைஸ்ராய். 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று பிரகடனம் செய்தார். அதே நாட்களில் சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம். செலவைக் கட்டுப்படுத்த அவர் அனுப்பிவைத்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலையில் மண் சுமக்கிற ஒரு ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியை வெட்டினார். லட்சக்கணக்கில் செத்தார்கள். ஓஷானஸியின் கவிதைக்கும் இதற்கும் நேர்த்தொடர்பு கிடையாது. முடிச்சுப் போடுவது என் நோக்கமும் இல்லை. கவிஞன் கையில் உலகத்தைக் கொடுத்தால் அது நல்லபடி அசையும் என்று நம்மில் சிலர் மேடையில் பேசுகிறோமே, அவர்களுக்காகச் சொல்கிறேன். கவிஞன் கையில் கொடுத்துப் பார்த்தாயிற்று. நம் பாட்டன் பூட்டன்மேல்தான் பார்த்தார்கள்.

5

மியூசியத்திலிருந்து வணிகப் பத்திரிகைக்குப் போகிற வழியில் இந்தத் தொடர் ஒரு வீட்டில் தங்கியது. நியூயார்க், ஐந்தாம் அவென்யூ, 23ஆம் எண். பஃபலோ நகரத்து வங்கியாளர் குடும்பத்தில் பிறந்த மேபல் டாட்ஜ் 1913 வாக்கில் அங்கே ஒரு கூடம் நடத்தினார். அராஜகவாதி எம்மா கோல்ட்மன், தொழிற்சங்கத் தலைவர் பில் ஹேவுட், குடும்பக் கட்டுப்பாட்டுக்காகச் சிறைபோன மார்கரெட் சாங்கர், பத்திரிகையாளர் ஜான் ரீட் எல்லாரும் வந்து உட்கார்ந்து சண்டைபோட்ட கூடம். 1936இல் அந்த நாட்களைப் பற்றி அவர் எழுதிய நினைவுக்குறிப்பின் தலைப்பே 'மூவர்ஸ் அண்ட் ஷேக்கர்ஸ்'. இங்கே தொடர் பாதி வழியில் நிற்கிறது. ஆட்கள் இன்னும் கவிஞர்களும் கலகக்காரர்களும்தான். கூடத்துக்கு மட்டும் பணக்கார வீட்டுக் கூரை.

அந்த 1913இல்தான் பக்கத்து நியூஜெர்சியில், பாட்டர்சன் நகரத்தில், பட்டுத்தறித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஒரு நெசவாளி இரண்டு தறிக்குப் பதில் நான்கு தறியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று முதலாளிகள் கொண்டுவந்த ஏற்பாட்டில் கிளம்பியது, எட்டு மணி நேர வேலைக்கான போராட்டமாக விரிந்தது. சுமார் 25,000 பேர். ஐந்து மாதம். ஐ.டபிள்யூ.டபிள்யூ. சங்கம் தலைமை தாங்கியது. 1,800க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். இந்தப் போராட்டத்தை நியூயார்க்குக்குக் கொண்டுவந்து நாடகமாகக் காட்டினால் என்ன என்ற யோசனை தன்னுடையது என்று மேபல் டாட்ஜ் எழுதுகிறார். ஜூன் 7ஆம் தேதி மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் தங்கள் போராட்டத்தைத் தாங்களே நடித்தார்கள். ஜான் ரீட் இயக்கினார். கோபுரத்தில் சங்கத்தின் பெயர் சிவப்பு மின்விளக்கில் எரிந்தது. அரங்கம் நிரம்பியது. கணக்குப் பார்த்தபோது நிதி சேரவில்லை, நஷ்டம். ஜூலையில் போராட்டமும் தோற்றது.

போராட்டத்தை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான எலிசபெத் கர்லி ஃபிளின் அடுத்த ஜனவரியில் பேசிய பேச்சில் இந்த நாடகத்தைக் கடுமையாக விமர்சித்தார். ஒத்திகைக்குப் போனதில் ஆலை வாசல் மறியல் பலவீனமானது, மேடையேறியவர்களுக்கும் ஏறாதவர்களுக்கும் இடையில் மனக்கசப்பு வந்தது என்பது அவர் வாதம். நம் வீதிநாடகக்காரர்களும் கலை இலக்கிய இரவு நடத்துகிறவர்களும் இந்தப் பேச்சைத் தேடிப் படிக்க வேண்டும். கலை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. யார் யாரை அசைக்கிறார்கள் என்று கேட்டார்.

பாட்டர்சனில் உலகத்தை அசைத்தவர்கள் யார்? நாலு தறியை ஓட்ட மறுத்து ஒரு தறியையும் ஓட்டாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்ற நெசவாளிகள். அசையாமல் நின்றதுதான் அவர்கள் முதலாளிகளை அசைத்த விதம். 'வேலைநிறுத்தம்' என்கிற நம் சொல்லிலேயே அது இருக்கிறது. ஐந்தாம் அவென்யூக் கூடம் அந்த வினையைத் தன் பேரில் எழுதிக்கொண்டது.

ஜான் ரீட் இதிலிருந்து ஏதோ கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் வாசிப்பு, நிரூபணம் இல்லை. ஆறு வருஷம் கழித்து, 1919இல், ரஷ்யப் புரட்சியைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் வந்தது. 'உலகைக் குலுக்கிய பத்து நாட்கள்' என்று நம் தோழர்கள் வீட்டு அலமாரியில் தலைமுறையாக இருக்கிற புத்தகம். அதே குலுக்கல், அதே ஆங்கில வினை. ஆனால் எழுவாயைப் பாருங்கள். குலுக்கியது லெனின் இல்லை, கவிஞன் இல்லை, ஜான் ரீட் இல்லை. நாட்கள். பெயரில்லாத லட்சம் பேர் நடந்து, பேசி, காவல் நின்று, தூங்காமல் கழித்த பத்து நாட்கள். 'ஷேக்கர்ஸ்' என்ற பெயர்ச்சொல் ஆளைக் காட்டுகிறது, பீடம் போடுகிறது. ரீட் அதைத் திரும்பவும் வினையாக்கி, ஆளை எடுத்துவிட்டார். அடுத்த வருஷம் மாஸ்கோவில் டைபஸ் காய்ச்சலில் செத்தபோது அவருக்கு வயது 32.

6

ஓஷானஸிக்கும் நியாயம் செய்துவிட வேண்டும். வெட்டப்பட்ட பத்திகளில் கடைசியானது வேறு குரலில் பேசுகிறது. பிறவினை அங்கே ஓய்ந்துபோயிருக்கிறது. யாருக்கும் தெரியாத ஏதோ கரையிலிருந்து வரப்போகிறவர்களைக் கூப்பிட்டு வரவேற்கிறார்கள் இந்தப் பாட்டுக்காரர்கள். உங்கள் சூரியனைக் கொண்டுவாருங்கள், எங்கள் உலகத்தைப் புதுசாக்குங்கள், எங்களுக்குத் தெரியாத பாட்டை எங்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்கிறார்கள். தங்களில் ஒருவன் தூங்கிவிட்டதையும் ஒரு பாட்டு நின்றுவிட்டதையும் ஒப்புக்கொண்டே இதைக் கேட்கிறார்கள். பேரரசுகளை மிதித்துப் போட்டவர்கள் கடைசியில் மாணாக்கராக நிற்கிறார்கள். தொகுப்பாளர்கள் வெட்டியது நான்காம் பத்தியின் திமிரை மட்டுமல்ல, இந்தப் பணிவையும்தான். இந்தப் பத்தி மக்கள் நாவில் ஏறியிருந்தால், அந்தத் தொடரைக் கம்பெனிக்காரர்கள் அவ்வளவு சுலபமாகத் தூக்கிக்கொண்டு போயிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

ஆகவே அந்தச் சொல்லை மீட்க வேண்டும் என்று நான் கொடி பிடிக்கப்போவதில்லை. 'நாங்கதான் உண்மையான அசைப்பவர்கள்' என்று முந்நூறு பிரதி அடிக்கிற நாம் சொல்லிக்கொள்வதில் பெருமையும் இல்லை, உண்மையும் இல்லை. அப்படிச் சொல்லும்போது நாம் கேட்பது அதே நாற்காலியைத்தான். பரிசளிப்பு மேடையில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருக்கிற தொழிலதிபரைப் பார்த்து நமக்கு வருகிற கோபத்தில், நாம் அங்கே உட்காரவில்லையே என்கிற ஏக்கம் எத்தனை பங்கு என்று ஒவ்வொருவரும் எடைபோட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நான் பார்த்தேன். சந்தோஷமாக இல்லை.

யாப்பில் 'அசை' என்று ஒன்று உண்டு. எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர். அது தனியாக எதையும் செய்யாது. பக்கத்து அசையோடு சேர்ந்தால்தான் அதற்கு நடை. எழுதுகிறவனுக்கு அவ்வளவு இடம் போதும் என்று இப்போது தோன்றுகிறது. அசைபவனாக இருக்க முடிந்தால், அதாவது ஆலை வாசலில் நிற்பவன் நடுக்கம் தனக்குள்ளும் ஓடுகிற அளவுக்கு இருக்க முடிந்தால், அதுவே பெரிய காரியம். அசைப்பது நாட்களின் வேலை.

இரண்டு நாள் கழித்து நண்பரைக் கூப்பிட்டு இதையெல்லாம் அரைமணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். 'சரி தோழர், அப்ப மடல்ல பெரும்புள்ளிகளே இருக்கட்டுமா, மாத்தணுமா? ஃபாரம் அச்சுக்குப் போகுது' என்றார்.

'இருக்கட்டும்' என்றேன். 'அவங்க புள்ளிதான். அசையறது வேற ஆளுங்க.'